‘உங்க ஹீரோ நிஜத்துல யாருங்க?’ – ஒரு காதல் நாவலாசிரியையின் பதில்கள்

வணக்கம். சுருக்கமாக ஓர் அறிமுகம் எழுதச் சொன்னார்கள். வயது 27, ஊர் திருப்பூர். பகலில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு, விடியற்காலையில் காதல் நாவல். ஏழு நாவல் முடித்துவிட்டேன், எட்டாவது பாதியில் நிற்கிறது. வந்த கடிதங்கள் எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. நிறைய பேர் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஹீரோக்கள் எல்லோரும் அதிகம் பேசாதவர்கள், பொறுமையானவர்கள். நிஜத்தில் அப்படி யாராவது இருக்கிறாரா அக்கா? – வாசகி, கும்பகோணம்

இருக்கிறார். ஆனால் அவரோடு நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

எனக்கு அப்போது 20 வயது, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும் என்பதால், ஒவ்வொரு டெய்லரும் எத்தனை பீஸ் அடித்திருக்கிறார் என்று வெள்ளிக்கிழமையே நோட்டில் கூட்டி வைப்பேன். துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் ஒருவர் இருந்தார், நல்ல கைவேகம், பீஸ் கணக்கில் அவரை யாரும் நெருங்க முடியாது. அந்த ஒரு வாரம் மட்டும் அவர் கணக்கு பாதியாக இறங்கியிருந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், அதேதான் வந்தது. சரி, என்னதான் நடக்கிறது என்று கீழே இறங்கிப் போனேன். அவருக்குக் கைமடியாக, அதாவது பீஸை மடித்து வைக்கும் உதவியாளாக இருந்த அக்கா அம்மை போட்டுப் படுத்திருந்துவிட்டு அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். இவர் வேகமாக அடித்தால் அந்த அக்காவுக்கு முன்னால் பீஸ் குவிந்துவிடும், குவிந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அதனால் நாலு பீஸ் அடிப்பார், நிறுத்துவார், பிசிறு நூலைத் தானே கத்தரிப்பார், நூல் கோனில் ஏதோ சிக்கல் மாதிரி குனிந்து பார்ப்பார், அப்புறம் மறுபடி நாலு பீஸ். புருவமெல்லாம் பஞ்சு. அந்த அக்கா நிமிரவே இல்லை, மடித்துக்கொண்டே இருந்தார், ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது, முகத்தைப் பார்த்தாலே புரிந்தது.

அந்த வாரம் அவர் விட்டுக்கொடுத்த கூலி எத்தனை ரூபாய் என்று என் நோட்டில் இருந்தது. காதலைத் தொகை போட்டுப் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். இரண்டு பேரும் பிறகு கல்யாணம் செய்துகொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

எப்போது எழுதுகிறீர்கள்? – கல்லூரி மாணவி, நாமக்கல்

நாலரைக்கு அலாரம். ஆறேகால் வரைக்கும். தண்ணீர் வரும் நாள் என்றால் குடம் பிடித்துவிட்டுத்தான் உட்கார முடியும். எல்லாமே போனில்தான் தட்டுகிறேன். வாரம் இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் என்னால் முடியாது. ஒற்றுப்பிழை பார்த்துத் தருவது என் பெரியம்மா, தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ‘க்’ ஒன்றை விட்டால்கூடப் போன் வந்துவிடும்.

எட்டாவதுதான் படித்திருக்கிறேன் கண்ணு. மனசுக்குள்ளே ஒரு கதை பத்து வருஷமாக ஓடுகிறது. எழுதினால் தப்பும் தவறுமாக வருகிறது. இந்த வயசில் நான் எழுதலாமா? – 46 வயது வாசகி, ஆண்டிபட்டி

அம்மா, கட்டாயம் எழுதுங்கள். வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1901-இல் பிறந்தவர், ஐந்து வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்லை. முதலில் அவர் கதையை வாயால் சொல்ல, பட்டம்மாள் என்கிற தோழி பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். அப்படித் தொடங்கியவர் பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டு, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை 1925 முதல் நடத்தி, 115 நாவல்கள் எழுதியிருக்கிறார். என்னைப் போன்றவர்கள் இன்றைக்கு வீட்டில் இருந்தபடி நாவல் எழுதுகிறோம் என்றால் அந்தப் பாதையை வெட்டியவர்களில் அவர் முன்னால் நிற்கிறார். அவருக்குப் பட்டம்மாள் கிடைத்த மாதிரி உங்களுக்குக் கையில் போன் இருக்கிறது. மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் தமிழிலேயே எழுத்தாக விழும். கதை என்று நினைக்காதீர்கள், உங்கள் தங்கச்சியிடம் சொல்கிற மாதிரி முதல் காட்சியை மட்டும் சொல்லுங்கள். பிழையை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

உங்கள் முதல் நாவலில் ஹீரோ ஹீரோயினை அறைவான், அடுத்த அத்தியாயத்திலேயே அவள் மன்னித்துவிடுவாள். ஆன்டி ஹீரோ கதைகளுக்குத்தான் இப்போது வாசகர்கள் அதிகம். ஏன் அதைத் தொடரவில்லை? – வாசகி, ஈரோடு

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பகுதிக்கே ஒத்துக்கொண்டேன்.

அதை எழுதும்போது எனக்கு 21 வயது. ஓவர்லாக் மிஷின்காரரைக் கண்ணால் பார்த்தவள், ஆனால் நாவல் என்று உட்கார்ந்தபோது கைக்கு வந்தது நான் படித்து வளர்ந்த ஹீரோதான்: பணக்காரன், கோபக்காரன், அடித்தால்கூட அதற்குள்ளே அன்பு இருக்கும் என்று எழுதிவிடலாம். தொடராக வந்த அந்த நாவலின் 14-ஆவது அத்தியாயத்தில் அறைகிறான். அன்றைக்கு வந்த பாராட்டு அதற்கு முன்பு எனக்கு வந்ததே இல்லை. இரண்டு நாள் மிதந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. நோட்டுப் புத்தகத்தில் இருந்து கிழித்த நாலு பக்கம், பேனா அழுத்தி எழுதியதில் பின்பக்கமெல்லாம் மேடு தட்டியிருந்தது. என்னைத் திட்டவே இல்லை. அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன் என்றிருந்தார். தன் வீட்டிலும் இப்படித்தான், கணவர் அடித்த மறுநாள் மல்லிகைப்பூ வாங்கி வருவார், பூ வாடுவதற்குள் நானும் பேசிவிடுவேன், நீங்கள் அதைக் காதல் என்று எழுதியிருப்பதால் ஒருவேளை அது காதல்தானோ என்று கேட்கிறேன், பதில் போடுங்கள் என்று முடித்திருந்தார்.

என்ன பதில் போட முடியும்? அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இல்லை அக்கா, அது காதல் இல்லை, நான் எழுதியது தப்பு என்று அந்த ஒரு வரியை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. நாவல் அச்சுக்குப் போனபோது 14-ஆவது அத்தியாயத்துக்குப் பிறகு 38 பக்கங்களை மாற்றி எழுதினேன். அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள், உடனே திரும்பி வரவில்லை, ஆறு மாதம் அவன் அந்த வீட்டில் தனியாக இருந்து தான் செய்ததைப் பார்க்கிறான். நன்றாகப் போகிற கதையை ஏன் கெடுக்கிறாய் என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். இல்லையென்றால் புத்தகமே வேண்டாம் என்றேன், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் பெண்களுக்கான உதவி எண் 181-ஐயும் போடச் சொன்னேன். கோபக்கார ஹீரோவை எழுதக் கூடாது என்று நான் யாரையும் சொல்லவில்லை, கோபம் எல்லோருக்கும் வருவதுதான். கை ஓங்கிய பிறகு மறுநாள் காலையில் அந்த வீடு எப்படி இருக்கும் என்பதை விட்டுவிடாமல் எழுதுங்கள் என்றுதான் சக எழுத்தாளர்களைக் கேட்கிறேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் பழைய சம்பள நோட்டு ஞாபகம் வந்தது. இரண்டாவது நாவலிலிருந்து என் ஹீரோ யார் என்பது மேலே சொன்னதிலேயே இருக்கிறது.

எல்லாக் கதையும் சுபமாகவே முடிகிறது. முடிவு முன்னாலேயே தெரிந்த கதையை எதற்குப் படிக்க வேண்டும்? – வாசகர், கோயம்புத்தூர்

ஐந்திணையை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வதற்குக் குறிஞ்சி ஒன்றுதான். முல்லை காத்திருப்பது, மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிவு. நாலு பங்கு தூரம், ஒரு பங்குதான் சேர்க்கை. என் வாசகிகளும் கடைசி அத்தியாயத்தைப் பற்றி எழுதுவதில்லை, 20-ஆவது அத்தியாயத்தில் ஏன் அவன் போன் செய்யவில்லை என்றுதான் ராத்திரி 11 மணிக்குக் கேட்கிறார்கள். முடிவில் சேர்ந்துவிடுவார்கள் என்கிற தைரியம் இருப்பதால்தான் நடுவில் அவர்களை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போக முடிகிறது.

நாவல் எழுதிச் சம்பாதிக்க முடியுமா? வேலையை விட்டுவிடலாமா? – வாசகி, மதுரை

முடியும். ஆனால் வேலையை விடாதீர்கள். அமேசானின் கிண்டில் மின்னூல் சந்தாவில் வாசகர் படித்த பக்கக் கணக்குக்குப் பணம் வரும், ஒரு மாதம் நன்றாக வரும், அடுத்த மாதம் பாதிகூட வராது. அச்சுப் புத்தகம் என்றால் ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், மின்னூல் உரிமையும் ஒலிநூல் உரிமையும் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். முதல் ஒப்பந்தத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

உங்கள் அம்மா உங்கள் நாவல்களைப் படிப்பாரா? எங்கள் வீட்டில் காதல் கதை என்றாலே பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். – 19 வயது வாசகி, கரூர்

எங்கள் வீட்டிலும் முதலில் அப்படித்தான் இருந்தது கண்ணு. அம்மா 22 வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறார். டியூப் லைட்டுக்குக் கீழே துணியை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றிலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. மூன்றாவது நாவலைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 11 இடத்தில் அதே சிவப்பு அம்புக்குறி. ஒன்றும் எழுதவில்லை, ஸ்டிக்கர் மட்டும். ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டபோதுதான், “இந்த இடத்துல இந்தப் புள்ள இப்படிப் பேசாது” என்றார். 11-இல் ஒன்பதை மாற்றினேன்.

இப்போது எட்டாவது நாவலின் பிரிண்ட் அவரிடம் இருக்கிறது. ஒன்பதாவது அத்தியாயத்தில் மட்டும் நாலு ஸ்டிக்கர், நாலும் ஹீரோவின் அம்மா பேசுகிற இடத்தில். அதனால்தான் கதை அப்படியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு, அன்றைக்கு உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.