கர்ப்பப்பைக்குள் போகும் கருவிகளை இன்னும் பாதுகாப்பாகச் செய்ய முடியாதா?

கேள்வி கேட்டவர், கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டபோது பட்ட வலியைச் சொல்லிவிட்டு, "நிலவுக்கு ராக்கெட் விடுகிறோம், இதற்கு ஒரு நல்ல கருவி செய்ய முடியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும். பாதி செய்தும் ஆகிவிட்டது, நம் ஊர் டிரேவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நான் கடலூர்ப் பக்கம் 28 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பகுதி லேபர் வார்டு, மீதி குடும்பநலப் பிரிவு. நான் டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ஒரு கையால் கருவியை எடுத்துக் கொடுத்து, இன்னொரு கையால் படுத்திருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

இது கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. விரித்துப் பார்க்கிற ஸ்பெகுலம் வைத்தால் தெரிவது கர்ப்பப்பையின் வாய் மட்டும்தான், அதற்கு மேலே விரல் சொல்வதுதான் எல்லாம். கர்ப்பமில்லாதபோது கர்ப்பப்பை ஒரு சின்னக் கொய்யாப்பழம் அளவு. உள்ளே வெற்றிடம் என்று ஒன்றும் கிடையாது, இஸ்திரி போட்ட சட்டையின் பாக்கெட் மாதிரி முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக் கிடக்கும். வாயிலிருந்து உச்சி வரை பெரும்பாலும் 6 முதல் 8 செ.மீ. சிலருக்கு முன்பக்கம் சாய்ந்திருக்கும், சிலருக்குப் பின்பக்கம். இந்த ஒட்டின பாக்கெட்டுக்குள் ஒரு கம்பியை விட்டு, அடி தட்டுகிறதா என்று உணர்ந்து நிறுத்த வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில், பிரசவமாகி ஆறு வாரம் ஆன ஒரு பெண்ணுக்குக் காப்பர் டி போட வந்தார்கள். குழந்தை வெளியே பாட்டி மடியில் பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. ஆழம் பார்க்கிற, சவுண்ட் என்கிற ஸ்டீல் கம்பியை உள்ளே விட்டார்கள், அது தட்டவே இல்லை. 7 தாண்டி, 8 தாண்டி, வெண்ணெயில் கத்தி போவது போல் வழுக்கிக்கொண்டு போனது. டாக்டர் மேடத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே நிறுத்தி, மெல்ல வெளியே எடுத்து, அந்தப் பெண்ணை ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்தோம். நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. மேடம் திறமையானவர்தான், கையும் முரட்டுக் கை இல்லை. பால் கொடுக்கிற காலத்தில் கர்ப்பப்பைச் சுவர் அப்படி மென்மையாக இருக்கும். காப்பர் டி போடும்போது ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கு என்கிற அளவில்தான். ஆனால் ஐரோப்பாவில் 60,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து சுமார் ஆறு மடங்கு என்று வந்தது. நம் ஊரில் காப்பர் டி போட வருகிறவர்களில் பாதிக்கு மேல் கைக்குழந்தையோடுதான் வருவார்கள், அதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையை என் அக்கா மகளிடம் சொன்னதிலிருந்துதான் மற்றதெல்லாம் ஆரம்பித்தது. அவள் பாண்டியில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம். புராஜெக்டுக்கு "ஸ்மார்ட் சவுண்ட்" செய்யப் போகிறேன் என்று வந்தாள். கம்பி நுனியில் அழுத்தம் அளக்கும் சென்சார், புளூடூத், போனில் சிவப்பு பச்சை விளக்கு. நான் மூன்றே கேள்வி கேட்டேன். அந்த நேரத்தில் இரண்டு கையும் வேலையில் இருக்கும், கண் கர்ப்பப்பை வாயில் இருக்கும், போனை யார் பார்ப்பது? கிருமி நீக்குகிற 121 டிகிரி ஆட்டோகிளேவில் போட்டு எடுத்தால் உன் பேட்டரி என்ன ஆகும்? கரன்ட் போன ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு யார் சார்ஜ் போடுவார்கள்? பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கே பாவமாகப் போய், மறுநாள் உழவர் சந்தையில் சின்னதாக, கொஞ்சம் கெட்டியாக இருந்த பப்பாளி நாலு வாங்கி வந்தேன்.

ஆமாம், பப்பாளி. விளையாட்டு இல்லை, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் காப்பர் டி போடவும் கருக்கலைப்புச் செய்யவும் பப்பாளியை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், வடிவமும் உள்ளே இருக்கிற குழிவும் அவ்வளவு பொருத்தம். எங்கள் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை, "மாசமா இருக்கிறவ பக்கத்துல வைக்கக்கூடாதுன்னு சொல்ற பழத்துல கர்ப்பப்பை பாடமா" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

காம்புப் பக்கத்தை வாயாக வைத்து, பழைய காப்பர் டி 380ஏ ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். அந்தப் பாக்கெட்டில் வருவதே ஒரு நல்ல வடிவமைப்புதான். குழாயின் மேல் நீல நிறத்தில் ஒரு தட்டு நகரும், சவுண்ட் காட்டிய ஆழத்துக்கு அதை நகர்த்தி வைத்துக்கொண்டால் அதற்கு மேல் குழாய் உள்ளே போகக்கூடாது என்று கண்ணுக்குத் தெரியும். அப்புறம் உள்ளே இருக்கும் வெள்ளைக் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாயை மட்டும் வெளியே இழுக்க வேண்டும். டியின் இரண்டு கையும் விரிந்து அது அங்கேயே உட்காரும். எதையும் தள்ளக்கூடாது. அவள் எல்லாம் படித்துவிட்டு வந்தவள், ஆனாலும் முதல் தடவை என்ன செய்தாள் தெரியுமா, கம்பியைத் தள்ளினாள். பப்பாளியின் அடிப்பக்கம் பொத்துக்கொண்டு செம்பு வெளியே எட்டிப் பார்த்தது.

"சிரிஞ்ச் மாதிரி இருக்கே சித்தி, கை தானா தள்ளுதே" என்றாள்.

பாதுகாப்பு என்பது அங்கேதான் இருக்கிறது. ஊசி போட்டுப் பழகிய கை தள்ளத்தான் செய்யும். கருவி அந்தப் பழக்கத்துக்கு எதிராக நடக்கச் சொல்கிறது. பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள், சரியாகும்தான், ஆனால் ஒரு நாளில் நாற்பதாவது நோயாளிக்கும் சரியாக வருமா? ஒரே கையால் பொத்தானைப் பின்னுக்கு இழுத்தால் மீதி தானே நடக்கும்படி, உள்ளே வைக்கிற இன்சர்ட்டர்கள் வந்துவிட்டன, ஹார்மோன் வகையில் விலை அதிகமான பிராண்டுகளில் அப்படித்தான் இருக்கிறது. இலவசமாகக் கொடுக்கும் காப்பர் டிக்கு இன்னும் பழைய குழாயும் கம்பியும்தான்.

சின்ன விஷயம் என்று கர்ப்பப்பைக் கருவியில் எதுவுமே கிடையாது. இன்றைக்கும் நம் பக்கத்துப் பாட்டிமார் காப்பர் டியை "லூப்பு" என்றுதான் சொல்வார்கள், 1965இல் அரசாங்கம் லிப்பீஸ் லூப் என்ற பிளாஸ்டிக் கருவியைக் கொண்டுவந்ததன் மிச்சம் அது. அதற்குக் கொஞ்ச வருடம் கழித்து, 1971இல், அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்று இதே மாதிரிக் கருத்தடைக் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. கர்ப்பப்பை வாய் வழியே தொங்கும் அதன் வால் நூல் ஒற்றை இழை இல்லை, நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளை ஒரு உறைக்குள் அடைத்தது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அது கிருமிகளைக் கீழிருந்து மேலே ஏற்றிவிட்டது. தொற்று, கர்ப்பத்தோடு சேர்ந்த சீழ்க் காய்ச்சல், மரணங்கள். 1974இல் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். மருத்துவக் கருவிகளை விற்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும் என்று 1976இல் அமெரிக்கா சட்டம் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நூலால் வந்த வினை. இப்போதைய காப்பர் டியில் இருப்பதெல்லாம் ஒற்றை இழை நூல்தான்.

கேமரா விட்டுப் பார்க்கிற ஹிஸ்டரோஸ்கோப்பியில் கண் தெரிகிறது, ஆனால் வேறு சிக்கல். ஒட்டின பாக்கெட்டை விரிக்கத் திரவம் ஏற்ற வேண்டும். கட்டியை மின்சாரத்தால் வெட்டும் பழைய மோனோபோலார் கருவி சலைன் என்கிற உப்புத் தண்ணீரில் வேலை செய்யாது, அதனால் உப்பில்லாத கிளைசின் திரவம் ஏற்றுவார்கள், அது வெட்டிய ரத்தக்குழாய் வழியே உடம்பில் ஏறினால் சோடியம் இறங்கி மூளை வீங்கும். பைபோலார் என்கிற புது வகை வந்த பிறகு சலைனிலேயே செய்ய முடிகிறது. ஆரோக்கியமான பெண்ணுக்கு உடம்பில் தங்கும் அளவு கிளைசின் மாதிரித் திரவத்தில் 1000 மி.லி., சலைனில் 2500 மி.லி. என்று எட்டினால் நிறுத்த வேண்டும் என்பது பொது வழக்கம். போனது எவ்வளவு வந்தது எவ்வளவு என்று வாளியைப் பார்த்துக் கணக்கு எழுதும் ஆள் தூங்காமல் இருக்க வேண்டும், அது தனிக் கதை.

வலிக்கு வருகிறேன், கேட்டது அதைத்தானே. கர்ப்பப்பை வாயைக் கவ்விப் பிடிக்கும் பல் வைத்த இடுக்கி இருக்கிறதே, நாங்கள் வல்செல்லம் என்போம், டெனாகுலம் என்றும் சொல்வார்கள். சாய்வை நேராக்கத்தான் இழுப்பது, ஆகவே அது ஒரு வகையில் பாதுகாப்புக்கு. ஆனால் அந்த வடிவம் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் சாமுவேல் போசி காலத்தது, உடம்பிலிருந்து துப்பாக்கிக் குண்டு எடுக்கும் இடுக்கியை ஒட்டிச் செய்தது. நூறு வருடத்துக்கு மேல் அது பெரிதாக மாறவில்லை, ஏனென்றால் "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொன்னால் பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், எத்தனை தடவை என்று கணக்கு இல்லை. இப்போது சுவிட்சர்லாந்தில் பல்லுக்குப் பதிலாக உறிஞ்சிப் பிடிக்கும் கேரவிக்ஸ் என்ற கருவியைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி. 2024இல், வலியைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள், மரத்துப்போகும் மருந்து உதவலாம் என்று வழிகாட்டுதலில் எழுதியது. நீங்களும் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கருவியால் ஏதாவது கோளாறு என்றால் நம் நாட்டிலும் 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது, அதற்கென்று படிவமும் உண்டு. என் சர்வீஸில் அதை நிரப்பி நான் பார்த்ததில்லை.

அக்கா மகள் சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டாள். பைக் மெக்கானிக்கிடம் டார்க் ரெஞ்ச் இருக்கும், அளவு மீறினால் "டிக்" என்று விட்டுக்கொடுக்கும், அந்த மாதிரிக் கைப்பிடி வைத்து, அழுத்தம் கூடினால் நுனி மடங்கிக்கொடுக்கும் பிளாஸ்டிக் சவுண்ட் ஒன்று செய்துகொண்டிருக்கிறாள். என்னைத் தட்ட வைத்துப் பார்த்தாள். வெறும் கையில் டிக் நன்றாகத் தெரிகிறது. ஈரமான கிளவுஸ் போட்டால் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறேன் என்றிருக்கிறாள், பப்பாளிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.