தள்ளிப்போன மேமோகிராமும் தீபாவளிக்கு வந்த கசிவும்

கேள்வி (மார்ச் 2021): எனக்கு 58 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன ஏப்ரலில் எடுக்க வேண்டிய மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) பாப் ஸ்மியரும் (கருப்பை வாய்ச் சோதனை) லாக்டவுனில் விட்டுப்போயின. 2019 ஏப்ரலில் எடுத்தவை இரண்டும் நார்மல். கணவர் பைபாஸ் ஆனவர். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவருக்குக் கொரோனாவைக் கொண்டுவந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மேமோகிராம் கதிரே புற்றுநோயை உண்டாக்கும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். இடது மார்பில் அவ்வப்போது வலி. எங்கள் பில்டிங்கில் இருக்கும் நர்ஸுக்குத் தடுப்பூசி போட்டதும் அக்குளில் கட்டி வந்தது. இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் போகலாமா? (தீபாவளி சமயத்தில் இரண்டு நாள் லேசாக இரத்தம் பட்டது. பொங்கல் கழித்து இன்னொரு முறை. உடம்புச் சூடு என்று கெமிஸ்டிடம் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்றுவிட்டது. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது.)
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில் (மார்ச் 2021):

அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்த உறை.

அதை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதிவிட்டீர்கள், அதுவும் கடைசியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு. உள்ளுக்குள் உறுத்தாத எதையும் யாரும் அப்படி எழுதுவதில்லை. என் ஓபிடியிலும் (வெளிநோயாளிகள் பிரிவு) இதே கதைதான். கால் வலி, தூக்கமின்மை, மருமகள் சமையல் என்று பத்து நிமிடம் பேசிவிட்டு, எழுந்து கதவுப் பிடியில் கை வைக்கும்போது, "டாக்டர், இன்னொன்று சொல்ல மறந்துட்டேன்" என்பார்கள். மறந்ததே கிடையாது. அதைச் சொல்லத்தான் வந்திருப்பார்கள்.

எனவே நேராகவே சொல்கிறேன். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் தாண்டிய பெண்ணுக்கு இரத்தம் பட்டால், அது எவ்வளவு என்ற கணக்கே கிடையாது. ஒரு சொட்டாக இருக்கலாம், பழுப்புக் கறையாக இருக்கலாம், ரோஸ் நிறத்தில் நீர் போல இருக்கலாம், ஒரே ஒரு நாள் வந்து நின்றிருக்கலாம். எல்லாம் ஒன்றுதான். டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு இரண்டு முறை வந்துவிட்டது. ஆறு மாதம் பொறுக்கலாமா என்று கேட்கிறீர்கள். மேமோகிராமுக்கு என்றால் அது பேசக்கூடிய கேள்வி. இதற்கு ஆறு நாள்கூட அதிகம். இந்த வாரமே போங்கள்.

பயப்பட வேண்டிய அளவையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இன்றிரவு மறுபடி வீடியோ தேடுவீர்கள். இப்படி இரத்தம் பட்டு வரும் நூறு பேரில் புற்றுநோய் என்று தெரியவருவது சுமார் பத்து பேருக்குத்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிந்து உலர்ந்துபோனதால் வரும் கசிவு. சிலருக்குக் கருப்பைக்குள் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி, அதை எடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் அந்தப் பத்து பேரில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதை நானும் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, கெமிஸ்டும் கவுண்டருக்குப் பின்னால் நின்று சொல்ல முடியாது. சர்க்கரை வேறு இருக்கிறது. எடை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை, கூடுதல் எடை இரண்டுமே கருப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோய்க்கு வாய்ப்பைக் கூட்டுபவை. அதே சமயம் இந்த நோயிடம் ஒரு நல்ல குணம் உண்டு: பெரும்பாலும் சீக்கிரமே இரத்தத்தைக் காட்டித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால், பலருக்கு ஒரு ஆபரேஷனோடு வேலை முடிந்துவிடுகிறது. அது கூப்பிட்டுச் சொல்லும்போது நாம் மாத்திரை போட்டு அதன் வாயை அடைக்கக் கூடாது.

மாத்திரைக்கு வருகிறேன். என்ன மாத்திரை என்று எழுதவில்லை. கெமிஸ்ட் வழக்கமாக எடுத்துக் கொடுப்பது டிரானெக்ஸாமிக் ஆசிட், அதுவாகத்தான் இருக்கும். இரத்தம் உறைந்தது கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை, ஆகவே கசிவு நின்றுவிடும். ஏன் கசிந்தது என்பது அங்கேயே இருக்கும். குக்கர் விசில் அடிக்கிறது என்று விசிலைக் கழற்றி வைத்த மாதிரி. போதாததற்கு, இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து உள்ளவர்களுக்கு அது கேட்காமல் கொடுக்கக் கூடாத மருந்து. உங்களிடம் அவர் ஏதாவது கேட்டாரா? வயதையாவது கேட்டாரா? அம்மா, 58 வயதில் "சூடு" பிடித்து இரத்தம் வராது. வெந்தயமும் மோரும் வெயிலுக்கு நல்லது, குடியுங்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பல பேருக்கு இதில்தான் குழப்பம். ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர் செய்துகொள்வது. தொந்தரவு வந்த நிமிடத்திலிருந்து அது ஸ்கிரீனிங் இல்லை, நோயைத் தேடும் வேலை. ரொட்டீன் செக்கப் வரிசையில் போய் நிற்கக் கூடாது. நீங்கள் நினைக்கலாம், "சரி, தள்ளிப்போன பாப் ஸ்மியரை எடுத்துவிடுகிறேன், நார்மல் என்றால் நிம்மதி" என்று. அந்த நிம்மதியை நம்ப முடியாது. பாப் ஸ்மியர் கருப்பை வாயில் உள்ள செல்களைப் பார்க்கிறது. உங்கள் இரத்தம் பெரும்பாலும் அதற்கு மேலே, உள்ளிருந்து வருகிறது. வாசல் சுத்தமாக இருக்கிறது என்பதால் வீட்டுக்குள் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. பாப் ஸ்மியர் நார்மல் என்ற ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் கசிவோடு இருந்த ஒரு அம்மாவை இந்தப் போன டிசம்பரில் பார்த்தேன். மார்ச்சில் லோக்கல் ரயில் நின்றது, அவர் இருந்த பேட்டையைக் கம்பி கட்டி அடைத்தார்கள், பிறகு திறந்தார்கள், பிறகு தீபாவளி வேலை. ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணம்தான். எல்லாம் சேர்ந்துதான் எட்டு மாதம்.

போனால் என்ன செய்வார்கள்? முதலில் கேள்விகள். எப்போது, எத்தனை நாள், என்ன நிறம், என்னென்ன மாத்திரை. தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்புறம் உள் பரிசோதனை. அப்புறம் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன். வயிற்றின் மேல் ஜெல் தடவிச் செய்வதைவிட இதில் கருப்பையின் உள்சவ்வு தெளிவாகத் தெரியும். அந்தச் சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரிய ஆறுதல். அதைவிடத் தடிமனாக இருந்தாலோ, மெல்லிசாக இருந்தும் இரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ, துளி திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஆகிவிட்டதால், ஸ்கேன் எப்படி வந்தாலும் டாக்டர் இந்தத் திசுச் சோதனையை, அதாவது பயாப்ஸியை, கேட்கக்கூடும். கேட்டால் முகம் மாறாதீர்கள். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். பல இடங்களில் ஓபிடியிலேயே சில நிமிடங்களில் முடித்து அனுப்பிவிடுவார்கள். மாதவிலக்கு நாட்களில் வரும் வயிற்றுப்பிடிப்பு போல வலிக்கும். வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இதற்காகப் பரேலுக்கு, டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. புற்றுநோய் என்று உறுதியான பிறகு யோசிக்கலாம். செம்பூரிலேயே, ஸ்கேன் வசதியுள்ள ஒரு மகப்பேறு மருத்துவர் போதும். செலவு இடித்தால் சயான் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது.

கொரோனா பயம். இதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். மும்பையில் பிப்ரவரி நடுவிலிருந்து எண்ணிக்கை மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது, வீட்டில் பைபாஸ் ஆனவர் இருக்கிறார். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முகக்கவசத்தோடு டாக்டர் முன் பதினைந்து நிமிடம் உட்காருவதில் அவ்வளவு இல்லை. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு லிஃப்ட்டில் போன் பேசுகிறவர் பக்கத்தில் நிற்பதிலும், வெளியே வந்து நாலு பேரோடு கட்டிங் டீ குடிப்பதிலும்தான் இருக்கிறது. முன்பே போன் செய்து நேரம் வாங்குங்கள். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் வேறு டாக்டர். கூட ஒரே ஒருவர். செம்பூருக்குள் ரயிலே தேவையில்லை, ரிக்‌ஷாவில் போங்கள், இரண்டு பக்கமும் காற்று வரும். பயாப்ஸிக்கு முன் கொரோனா டெஸ்ட் கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

மேமோகிராம். பாவம், நீங்கள் கேட்ட கேள்வி இதுதான், இவ்வளவு நேரம் காக்க வைத்துவிட்டேன். 2019 ஏப்ரலில் எடுத்திருக்கிறீர்கள். ஐம்பது தாண்டிய, குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இல்லாத பெண்களுக்குப் பல நாடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூப்பிடுகிறார்கள், பிரிட்டனில் மூன்று. ஆக, நீங்கள் தவறவிட்டது எதுவும் இல்லை, இப்போதுதான் முறை வந்திருக்கிறது. வருடா வருடம் என்பது ஏதோ ஒரு லேபின் செக்கப் பேக்கேஜ் சொன்னதாக இருக்கும். பாப் ஸ்மியரும் அப்படித்தான். முந்தையவை நார்மலாக இருந்தவருக்கு மூன்று வருட இடைவெளி போதும், கருப்பை வாய்ப் புற்றுநோய் வளர வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் நோய்.

கதிர்வீச்சு வீடியோவை அழித்துவிடுங்கள். ஒரு மேமோகிராமில் உடம்புக்குள் போகும் கதிர், நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏழெட்டு வாரத்தில் வாங்கிக்கொள்ளும் அளவு. மார்பு வலி: கட்டி இல்லாமல், காம்பு உள்ளிழுக்காமல், தோல் சுருங்காமல், வலி மட்டும் வருவது புற்றுநோயாக இருப்பது அபூர்வம். ஆனாலும் மகப்பேறு மருத்துவரிடம் போகும் அன்றே, மார்பையும் கையால் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கைப் பரிசோதனைதானே என்று அலட்சியம் வேண்டாம். நம் மும்பையின் குடிசைப் பகுதிகளிலேயே டாடா மெமோரியல்காரர்கள் 1998-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்ததிலேயே, ஐம்பது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருக்கிறது. முடிவு இந்த 2021 பிப்ரவரியில்தான் வெளியானது. மெஷின் கூட இல்லை, பழகிய விரல்கள்.

நர்ஸம்மாவின் அக்குள் கட்டிக்கு விளக்கம் எளிது. தடுப்பூசி போட்ட கைப்பக்கத்து அக்குளில் நெறி கட்டுவது, காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது போலத்தான். உடம்பு வேலை செய்கிறது, சில வாரங்களில் வடியும். ஆறு வாரம் கழித்தும் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஆனால் அந்த நெறி மேமோகிராமில் தெரிந்து வீண் கலவரத்தைக் கிளப்பும். ஆகவே ஊசிக்கு முன்பே மேமோகிராமை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டாவது டோஸ் முடிந்து நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து எடுங்கள் என்பது இப்போதைக்கு, 2021 தொடக்கத்தில், சொல்லப்படும் ஆலோசனை. 45 வயது தாண்டி இணைநோய் உள்ளவர்களுக்கு 2021 மார்ச் 1 முதல் தடுப்பூசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் சர்க்கரை அந்தப் பட்டியலில் வருமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அதற்கு அவர் சான்றிதழ் எழுதித் தர வேண்டும். கணவருக்கு இந்தப் பேச்செல்லாம் பொருந்தாது, அவருக்குத் தகுதி இருந்தால் நாளைக்கே போடச் சொல்லுங்கள். மேமோகிராமுக்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். இது இரண்டுக்காகவும் இரத்தக் கசிவைக் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

போகும்போது 2019 ரிப்போர்ட்டுகள், சர்க்கரை மாத்திரைச் சீட்டு, தேதி எழுதிய தாள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை ஏதாவது நீங்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கெமிஸ்ட் கொடுத்த அந்த அட்டையில் மீதி மாத்திரை இருக்கிறதல்லவா, அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் பார்க்க டாக்டருக்குத் தேவைப்படும். பார்த்து முடித்ததும் அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.