மூன்று படிக்குப் பதினெட்டு அடி: மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றி வாசகர் கேள்விகள்

என் பையனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். மூன்று தனியார் பள்ளிகளில் கேட்டுவிட்டோம். "மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும், சிறப்புப் பள்ளியில் சேருங்கள்" என்கிறார்கள். ஒன்றும் செய்ய முடியாதா?
வாசகி, தஞ்சாவூர்

முடியும் அம்மா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமானதல்ல. அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவும் விளையாடவும் வழி செய்ய வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு என்கிறது 31-ஆவது பிரிவு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று முடிவு செய்வது நீங்கள்தான், பள்ளி அல்ல.

பள்ளிகள் மறுப்பதை வாயால்தான் சொல்லும். எழுத்தில் தந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் விண்ணப்பத்தை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, எழுத்துப்பூர்வமான பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் மனு கொடுங்கள். அடுத்தது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். விசாரணையில் அவருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. கூடவே உங்கள் வட்டார வள மையத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்களைப் பற்றிப் பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை.

"மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும்" என்ற பேச்சை இருபது வருடமாகக் கேட்கிறேன். அப்படிக் கெட்டுப்போன ஒரு வகுப்பையும் நான் பார்த்ததில்லை. உங்கள் பையனோடு பெஞ்சில் உட்காரும் பிள்ளை, அவன் பதில் சொல்லும்வரை காத்திருக்கப் பழகும். அதுவும் படிப்புதானே?

அரசு நிறுவனம் ஒன்றில் என் கணவர் ஓட்டுநர். விபத்தில் ஒரு கால் போய்விட்டது. விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.
வாசகி, விழுப்புரம்

போட வேண்டாம். இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். பணிக்காலத்தில் உடல் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது அதே 2016 சட்டத்தின் 20(4)-ஆவது பிரிவு. பழைய வேலை செய்ய முடியாது என்றால் அதே சம்பளத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு வேலை தர வேண்டும். அப்படி ஓர் இடம் காலியில்லை என்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, அவருக்காகவே கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுவிட்டால், "அவராகத்தான் போனார்" என்று சொல்லி அத்தனையும் கைவிட்டுப் போகும்.

எங்கள் அடுக்ககத்தின் வாசலில் மூன்று படி. அப்பா பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். சாய்தளம் போடச் சொன்னால் "முகப்பு கெட்டுவிடும், வாட்ச்மேன் தூக்கிவிடுவார்" என்கிறது சங்கம்.
வாசகர், சென்னை

"தூக்கிவிடுவார்" என்று சொல்பவர்களை ஒருநாள் மற்றவர் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அப்போது தெரியும். போலியோவால் நானும் சக்கர நாற்காலியில் இருப்பவன்தான். நம்மை இன்னொருவர் தூக்கும்போது வலியைவிட, எந்த நேரமும் நழுவிவிடுவோமோ என்ற பயம்தான் பெரிது. அப்பா வெளியே போவதையே குறைத்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

முதலில் அளவைப் பார்ப்போம். சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது கணக்கு. ஓரடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். உங்கள் படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் என்றால், மூன்று படிக்கு ஒன்றரை அடி உயரம். ஆக, பதினெட்டு அடி நீளம். நேராகப் பதினெட்டு அடிக்கு இடமில்லையா? நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக்கொள்ளலாம். அகலம் நான்கு அடிக்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலும் கீழும் நாற்காலி திரும்பச் சமதளம். தரை மழையிலும் வழுக்காமல் இருக்க வேண்டும். மூன்று படிக்கு ஆறடியில் சரிவு போட்டு "வைத்துவிட்டோம்" என்பார்கள். அது சறுக்குமரம். ஒரு மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சரியான அளவில்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் அதன் வாயிலில் பூட்டு. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

மனம் இருந்தால் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2001 ஜனவரியில், சக்கர நாற்காலியில் இருந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தார். அவர் பார்ப்பதற்காகக் குதுப்மினார் உள்ளிட்ட சின்னங்களில் மரச் சாய்தளங்கள் வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதி போன்றவர்கள் விடாமல் கேட்டதால் வந்தவை அவை. வெளிநாட்டு விஞ்ஞானிக்கு முடிந்தது, இங்கே பிறந்து வரி கட்டுகிறவருக்கு ஏன் முடியவில்லை என்று அன்று கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. சக்கர நாற்காலி போக மெரினாவில் மரப்பாதை திறந்தது 2022 நவம்பரில். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். ஆயுள் முழுக்கச் சென்னையிலேயே இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் முதல்முறை அலைக்குப் பக்கத்தில் போனவர்கள் உண்டு.

சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது சட்டத்தைப் பிறகு எடுங்கள். முதலில் டேப்பையும், கொத்தனாரிடம் வாங்கிய மதிப்பீட்டையும் எடுத்துப் போங்கள். கேஸ் சிலிண்டரும் குழந்தை வண்டியும் மூட்டுவலிப் பாட்டிகளும் அதே வழியில்தான் வரப்போகிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாநில ஆணையருக்கு எழுதுங்கள்.

மாற்றுத்திறனாளி, ஊனமுற்றவர்: எது சரி?
வாசகர், கோயம்புத்தூர்

தமிழக அரசு "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லை எடுத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகளாகிவிட்டன. ஊரெல்லாம் பழகிவிட்டது, நானும் அதையே எழுதுகிறேன். "எங்களுக்கு மாற்றுத் திறன் ஒன்றும் இல்லை, படியில் ஏற வழிதான் இல்லை" என்று வாதாடும் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதிரில் இருப்பவர் எதை விரும்புகிறார் என்று கேட்டுவிடுங்கள். குருடு, செவிடு, நொண்டி என்று நாலு பேர் நடுவில் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், 2016 சட்டத்தின் 92-ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு.

அண்ணனுக்கு மனநோய். வீட்டில் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறார்கள். "அவிழ்த்தால் ஓடிவிடுவான்" என்று அம்மா அழுகிறார். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.
வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

அம்மாவைத் திட்டாதீர்கள். அவருக்கு யாரும் வேறு வழி காட்டவில்லை. உங்கள் மாவட்டத்தில்தான் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்துபோனார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசு மருத்துவமனையில் இருப்பார், மாத்திரையும் அங்கே இலவசம். முதல்முறை அண்ணன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய் நிலைமையைச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்கள்தான் கஷ்டமானவை. அப்போது அம்மா ஒருவரே தாங்கக் கூடாது. அக்கா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று முறை வைத்துக் கூட இருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று, அதனால் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். அப்புறம் ஒன்று: அண்ணன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, எங்கே சிகிச்சை வேண்டும், யார் கூட இருக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அதை முன்கூட்டியே எழுதி வைக்கவும் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது.

மகளுக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்கிறது. 40 சதவீதச் சான்று கிடைக்காது என்கிறார்கள். தேர்வில் சொல்வதை எழுதுபவர் கேட்கலாமா?
வாசகர், மதுரை

கேட்கலாம். இதே பிரச்சினைக்காக விகாஸ் குமார் என்பவர் போட்ட வழக்கில், 40 சதவீதம் இல்லை என்று சொல்லி மறுக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2022-இல் மத்திய அரசு அதற்கான நெறிமுறைகளும் வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் உண்டு என்று குறிப்பிடும் மருத்துவச் சான்றை விண்ணப்பிக்கும்போதே இணையுங்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேளுங்கள்.

உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கப் போவதாகச் சட்டம் வந்ததே, அதனால் பயன் இருக்குமா?
வாசகர், தென்காசி

இருக்கும் என்று நம்புகிறேன். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அது நிறைவேறிய நாளில் எனக்குக் கண் கலங்கியது. தேர்தலில் நின்று ஜெயிக்கப் பணமும் ஆளும் இல்லாதவர்களுக்கு அது ஒரு நாற்காலி. உங்கள் ஊரில் யாராவது நியமிக்கப்பட்டால் முதல் கூட்டத்துக்குக் கூடவே போங்கள். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரால் தானாகப் போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதுவே முதல் தீர்மானமாக வரட்டும். அடுத்து ரேஷன் கடை, துணைச் சுகாதார நிலையம், வாக்குச்சாவடியாகும் பள்ளி. பதினெட்டு அடிக் கணக்கு கையில் இருக்கிறது, டேப்பை மட்டும் எடுத்துப் போங்கள்.