ரேஸ் ஓட்டிவிட்டு மைக் பிடித்தவர்களில் என் ஓட்டு நெட் ஜாரெட்டுக்கே

கேள்வி: கார் பந்தய ஓட்டுநர்கள் ஓய்வு பெற்றதும் டிவி வர்ணனைக்கு வந்துவிடுகிறார்களே, உண்மையிலேயே அதில் பெயர் வாங்கியவர் யாராவது உண்டா?

உண்டு. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் மட்டுமே பல பேரைச் சொல்லலாம். டாரல் வால்ட்ரிப் 84 வெற்றி, 3 சாம்பியன் பட்டம் என்று ஓட்டி முடித்து, 2001 முதல் 2019 வரை ஃபாக்ஸ் சேனலில் கத்திக் கலகலப்பாக்கினார். டெட்ராய்ட்டில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த பென்னி பார்சன்ஸ் 1973-இல் சாம்பியன் ஆகி, பிறகு வர்ணனையில் எல்லோருக்கும் செல்லமானார். ஆனாலும் ஒருவரை மட்டும் சொல் என்றால், நான் நெட் ஜாரெட்டைத்தான் சொல்வேன்.

ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவர்களுக்கு நாஸ்கார் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும். பார்க்க ஷோரூம் கார் மாதிரி இருக்கிற வண்டிகள், முட்டை வடிவத் தடம், எந்நேரமும் இடது பக்கமே திருப்பம். நானும் அப்படி நினைத்தவன்தான். வேலைக்காக அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் சார்லட் நகரத்துக்கு வந்த பிறகு, ஆபீஸ் நண்பர் ஒருவர் சனிக்கிழமை இரவு ஹிக்கரி ஸ்பீட்வேக்கு இழுத்துப்போனார். அரை மைல்கூட இல்லாத சின்னத் தடம். கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றால் திருப்பத்துக்குத் திருப்பம் டயர் ரப்பர் துணுக்குகள் சட்டையில் வந்து ஒட்டும். பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பது உதட்டைப் பார்த்தால்தான் புரியும். நெட் ஜாரெட் ஓட்டத் தொடங்கியது இந்தத் தடத்தில்தான். பின்னாளில் இதையே நிர்வகித்தவரும் அவர்தான்.

அவர் பிறந்தது 1932-இல், பக்கத்து ஊரான நியூட்டனில். குடும்பத்துக்கு மர அறுவை ஆலை இருந்தது. மகன் கார் ஓட்டுவதில் அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. வண்டியில் பங்கு வைத்துக்கொள், ரிப்பேர் பார், ஓட்டாதே என்றிருக்கிறார். கூட்டாளிக்கு ஒருநாள் உடம்புக்கு முடியாமல் போக, அவர் பெயரிலேயே நெட் களமிறங்கி இரண்டாவதாக வந்துவிட்டார். அந்தத் திருட்டு ஆட்டம் கொஞ்ச நாள் ஓடியது. விஷயம் தெரிந்ததும் அப்பா சொன்னது, ஓட்டித்தான் தீருவாய் என்றால் உன் சொந்தப் பெயரில் ஓட்டு என்பதுதான். நம்மூர் அப்பாக்களும் இப்படித்தான் இறங்கி வருவார்கள்.

1959-இல் அவர் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஜூனியர் ஜான்சன் என்ற சக ஓட்டுநர் ஓட்டிய ஃபோர்டு கார் 2,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. கையில் பணமில்லை. வெள்ளிக்கிழமை பேங்க் மூடும்வரை காத்திருந்து செக் எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமைதானே செக் பேங்குக்குப் போகும்? சனிக்கிழமை மிர்ட்டில் பீச் ஊரில் நடந்த பந்தயத்தில் ஜெயித்தார். ஸ்டீயரிங்கில் டேப் தாறுமாறாகச் சுற்றியிருந்ததால் உள்ளங்கை கிழிந்து ரத்தம். அந்தக் கையோடு ஞாயிறு சார்லட் போனார். இடையில் வேறு ஓட்டுநர்கள் கைகொடுக்க, அதையும் ஜெயித்தார். பரிசுப் பணம்தான் அந்தக் கடனைக் காப்பாற்றியது.

அடுத்து வந்தவை 1961, 1965 சாம்பியன் பட்டங்கள், மொத்தம் 50 வெற்றிகள். 1965 டார்லிங்டன் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவரை 14 சுற்று பின்தள்ளி ஜெயித்தார். இவ்வளவுக்கும் கடைசியில் அவர் எஞ்சின் சூடேறிக் கொதித்துக்கொண்டிருந்தது. 1964 மே மாதம் சார்லட்டில் சக ஓட்டுநர் ஃபயர்பால் ராபர்ட்ஸின் கார் தீப்பிடித்தபோது, தானும் அதே விபத்தில் சிக்கியிருந்த நெட்தான் ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தார். ராபர்ட்ஸ் ஜூலை 2-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார். பந்தயம் என்றால் என்ன என்று இப்படிக் கிட்டத்தில் பார்த்த மனிதர், பின்னாளில் டிவியில் விபத்துக் காட்சி வரும்போது குரலை உயர்த்தாமல் பேசியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1966-இல் ஃபோர்டு கம்பெனி பந்தயத்திலிருந்து விலக, நடப்புச் சாம்பியனாக இருந்தபோதே 34 வயதில் நெட் ஓய்வை அறிவித்துவிட்டார். அதன்பின் மைக் தானாக அவரைத் தேடி வந்ததாக நினைத்துவிடாதீர்கள். ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, சாம்பியன் என்றால் நாலு பேர் முன்னால் பேச வேண்டியிருக்குமே என்று டேல் கார்னகி பேச்சுப் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தவர் அவர். அறுபதுகளில் எந்த ரேஸ்காரர் இதைச் செய்திருப்பார்? மற்றவர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் இங்கேதான் என்பது என் கணிப்பு. பல பேருக்கு வண்டி தெரியும். தெரிந்ததை வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லத்தான் வராது.

உதாரணமாக, ஓட்டுநர்கள் தங்கள் குழுவோடு பேசும் ரேடியோவில் "டைட்", "லூஸ்" என்று புலம்புவார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்பாமல் சுவரை நோக்கியே போனால் அது டைட். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகப் பார்த்தால் லூஸ். இது புரிந்துவிட்டால், பிட்டில் (பந்தயத்தின் நடுவே வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) ஏன் டயர் காற்றைக் கொஞ்சம் ஏற்றி இறக்குகிறார்கள், ஏன் பின் கண்ணாடிக்குள் ஒரு நீள ஸ்பானரை விட்டுத் திருகுகிறார்கள் என்பதெல்லாம் புரியும். இம்மாதிரி விஷயங்களை அவசரமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் தோரணையில் சொல்வதில் நெட் கெட்டிக்காரர்.

ரேடியோவில் ஆரம்பித்து சிபிஎஸ், இஎஸ்பிஎன் டிவி சேனல்கள் என்று போனார். 1984 ஜூலை 4 அன்று டேடோனா பந்தயத் தடத்துக்கு ஜனாதிபதி ரீகன் வந்தபோது, ரேடியோ வர்ணனை அறையில் அவரைப் பேட்டி கண்டதும் இவர்தான். ரீகனும் இளம் வயதில் ரேடியோவில் விளையாட்டு வர்ணனை செய்தவர் என்பதால் அந்த அறை அவருக்கும் புதிதில்லை.

எல்லோரும் பேசுவது நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500, அதுவும் 1993-இல் நடந்தது பற்றி. கடைசிச் சுற்றில் முதலிடத்துக்குப் போட்டி போட்டவர்கள் டேல் எர்ன்ஹார்ட்டும் டேல் ஜாரெட்டும். இரண்டாமவர் நெட்டின் மகன். சிபிஎஸ் தயாரிப்பாளர் இயர்போனில், இனி வர்ணனையாளரை மறந்துவிடு, அப்பாவாகப் பேசு என்று சொல்லிவிட்டார். முக்கிய வர்ணனையாளரும் வழிவிட்டார். உள்ளே போ, அவனை உள்பக்கம் விடாதே என்று நெட் மகனுக்கு லைவிலேயே பாடம் எடுக்கிறார். யார் பக்கம் நிற்கிறேன் என்று உங்களுக்கே தெரியும் என்று மறைக்காமல் சொல்லவும் செய்கிறார். மகன் ஜெயித்தார். வேனுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அம்மா மார்த்தாவையும் கேமரா காட்டியது.

வர்ணனையாளர் ஒரு பக்கம் சாயலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். ஐபிஎல்லில் நடுநிலை வேஷம் போட்டுக்கொண்டே ஒரு அணிக்குக் கொடி பிடிப்பவர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும். நெட் வேஷம் போடவில்லை, அதுவும் ஒரே ஒரு சுற்றுக்குத்தான். அப்படியும் அவருக்கு மனசு உறுத்தியிருக்கிறது, எர்ன்ஹார்ட்டிடம் வருத்தம் தெரிவித்தார். அதுவரை டேடோனா 500-ஐ ஒருமுறைகூட ஜெயிக்காதவர் எர்ன்ஹார்ட். 1998-இல்தான் அவருக்கு அது கிடைத்தது. வயிற்றெரிச்சலில் இருந்திருக்க வேண்டிய ஆள், நானும் ஒரு அப்பாதானே என்று சொல்லிவிட்டாராம்.

மகன் டேல் 1999-இல் சாம்பியன் ஆனார். 2008-இல் ஓய்வு பெற்று அவரும் இஎஸ்பிஎன் வர்ணனை அறைக்குப் போய்ச் சேர்ந்தார். விஷய ஞானத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் கேட்பவரை உட்காரவைத்துக் கதை சொல்வதில் அப்பாவுக்கு ஒரு படி கீழேதான். யூடியூபில் இருவருடையதும் கிடைக்கிறது. 1993 கடைசிச் சுற்றை மட்டுமாவது சத்தத்தோடு பாருங்கள், மியூட்டில் பார்த்தால் அது வெறும் இரண்டு கார்.