76-ஆ, 82.3-ஆ? முதல் ஜியு-ஜிட்சு போட்டிக்குப் போகிறவரின் கேள்வி

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். எதிராளியைத் தரையில் மடக்கிப் பணியவைக்கும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவைப் பதினான்கு மாதமாகப் பழகுகிறேன், ஒயிட் பெல்ட் (தொடக்க நிலை). இன்னும் ஐந்து வாரத்தில் இங்கே நடக்கும் ஓர் ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) ஓப்பன் போட்டியில் முதன்முறையாக இறங்குகிறேன். கி எனப்படும் தடித்த பருத்திச் சட்டையும் பேன்ட்டும் அணிந்து ஆடும் பிரிவு. அடல்ட் வகுப்பில், 76 கிலோ வரையிலான லைட் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் என் எடை 77.8 கிலோ. கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, சோனாவில் உட்கார்ந்து, ஒரு 'வாட்டர் மாத்திரை' போட்டால் இரண்டு கிலோ இறங்கிவிடும் என்கிறார் ஜிம்முக்கு வரும் ஒருவர். மாத்திரையும் அவரே தருவாராம். செய்யலாமா? நான் பிறந்தது 1996 டிசம்பர், போட்டி 2026-இல்.

பதில்: செய்யாதீர்கள். மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். இன்றைக்கே உங்கள் கணக்கில் நுழைந்து 82.3 கிலோ வரையிலான மிடில் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். குறைக்க வேண்டியது 1.8 கிலோ என்று நினைக்கிறீர்கள். இந்தப் பிரிவில் தராசில் ஏறும்போது கி உடையும் பெல்ட்டும் உங்கள் மேல் இருக்கும். உங்கள் உயரத்துக்கான கி சாதாரணமாக ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். 1.7 என்று வைத்துக்கொண்டால் தராசு காட்டப்போவது 79.5. அதாவது இறக்க வேண்டியது மூன்றரை கிலோ. ஒழுங்காகச் சாப்பிட்டு, வாரத்துக்கு அரைக் கிலோ என்று கொழுப்பைக் குறைத்தாலும் ஐந்து வாரத்தில் 75.3-க்குத்தான் வருவீர்கள். கியோடு 77. அப்போதும் ஒரு கிலோ கூடுதல். உங்களுக்கு யோசனை சொன்னவர் கியை எடை போட்டே பார்க்கவில்லை.

அடுத்தது, எடை பார்க்கும் நேரம். குத்துச்சண்டையிலும் எம்எம்ஏ என்ற கலப்புச் சண்டையிலும் பெரும்பாலும் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவார்கள். உடம்பைப் பிழிந்து தராசில் ஏறியவர் மறுநாள் வரை தண்ணீரும் உப்பும் சோறும் ஏற்றிக்கொள்ள அவகாசம் உண்டு. அதுவே ஆபத்தான விளையாட்டு, ஆனால் அவகாசமாவது இருக்கிறது. ஐபிஜேஜேஎஃப் போட்டியில் முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் தராசு. இறங்கி, மேட் பக்கம் நடந்து, பெயர் கூப்பிட்டதும் ஆட வேண்டியதுதான். ஒரே ஒரு வாய்ப்பு. நூறு கிராம் கூடினாலும் தகுதி நீக்கம், கட்டிய பணமும் திரும்ப வராது.

நீர் வற்றிய உடம்பில் இரத்தத்தின் அளவு குறைகிறது. அதே வேலையைச் செய்ய இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கும். வியர்த்து உடம்பைக் குளிர்விக்க முடியாது, முன்கை சீக்கிரம் இறுகிப்போகும். ஒயிட் பெல்ட் ஆட்டம் ஐந்து நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் எதிராளியின் காலரைப் பிடிக்க விரல் மடங்காவிட்டால், எடையில் கிடைத்த அந்த மூன்று கிலோ சாதகத்தை வைத்து என்ன செய்வீர்கள்?

'வாட்டர் மாத்திரை' என்று கைமாறுவது பெரும்பாலும் ஃபுரோசமைடு போன்ற மருந்து. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பது. தண்ணீரோடு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் சேர்த்து வெளியேற்றும். பொட்டாசியம் சரிந்த நிலையில் சோனா சூட்டில் உட்கார்ந்தால் இதயத் துடிப்பின் தாளம் கெடலாம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இந்த வகை மருந்து இருக்கிறது. 1997-இன் கடைசி மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் மூன்று மாணவர்கள் இப்படி உடம்பை வற்றவைக்கப் போய் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சோனா, ரப்பர் உடை, நீர் வெளியேற்றும் மருந்து எல்லாவற்றையும் தடைசெய்து, எடை பார்ப்பதையும் ஆட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். மூன்று பிள்ளைகள் போன பிறகு கற்ற பாடத்தை, இன்னும் லாக்கர் அறையில் மாத்திரை விற்கிறவர்கள் கற்கவில்லை. ஜிம்மில் மாத்திரை, 'கட் பேக்கேஜ்' (எடை இறக்கும் தொகுப்பு), கொழுப்பு கரைக்கும் பொடி என்று எதை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். தலைசுற்றி விழுந்தால் ஆம்புலன்ஸில் கூட வரப்போவது அவர் இல்லை.

மிடிலுக்கு மாறினால் கணக்கு எப்படி? 82.3-இல் கிக்கு 1.7 போக, உடம்பு 80.6 வரை இருக்கலாம். உங்களுக்கு 2.8 கிலோ இடம் மிச்சம். காலையில் இட்லியோ முட்டையும் சோறுமோ சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுத் தராசில் ஏறலாம். அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ என்பதை லைட் பிரிவில் நிற்பவர் ஒவ்வொரு மிடறிலும் எண்ண வேண்டும். பெரிய ஆட்கள் வருவார்களே என்று பயப்படாதீர்கள். அவர்களும் கியோடுதான் ஏறுகிறார்கள், உங்களைவிட அதிகபட்சம் மூன்று கிலோதான் கூட இருப்பார்கள்.

மாற்றுவதற்குக் கடைசித் தேதி உண்டு. அது போட்டிக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும், பலர் அதைக் கவனிப்பதில்லை. முதல் முறை வருகிறவருக்கு இதைப் பெரிய எழுத்தில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வருடா வருடம் இதனால் பணத்தை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அரங்கில் மாற்ற மாட்டார்கள். பயிற்சிக்கூடத்தில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதிவுசெய்து தருகிறார் என்றால், பணம் கொடுத்ததோடு விடாமல் வீரர்கள் பட்டியலில் உங்கள் பெயர், பெல்ட், வயது வகுப்பு, எடைப் பிரிவு நான்கையும் நீங்களே பாருங்கள். பெல்ட் நிறத்தைத் தப்பாகப் போட்டுவிடுவதும் நடக்கிறது.

வயது விஷயத்தில் நீங்கள் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, அதனால் அடல்ட் என்று போட்டிருப்பீர்கள். ஐபிஜேஜேஎஃப் பார்ப்பது பிறந்த ஆண்டை மட்டும். போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிக்கிறார்கள்: 2026-இல் 1996 போனால் 30. ஆகவே டிசம்பர் பிறந்தநாள் வராவிட்டாலும், 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்தே 30 முதல் 35 வரையிலான மாஸ்டர் 1 வகுப்பில் நீங்கள் ஆடலாம். 1997 ஜனவரியில் பிறந்தவர் உங்களைவிட ஒரே மாதம் இளையவர், அவருக்கு இந்த ஆண்டு அது கிடையாது. நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை, விதி அப்படி. விரும்பினால் நீங்கள் அடல்ட்டிலேயே இருக்கலாம், ஒரே போட்டியில் இரண்டிலும் நிற்க முடியாது. ஒயிட் பெல்ட்டுக்கு இரண்டிலும் ஆட்ட நேரம் அதே ஐந்து நிமிடம். மாஸ்டர் 1-இல் பத்தொன்பது வயதுப் பையன்கள் எதிரே வரமாட்டார்கள், உங்களைப்போல் வேலைக்குப் போய்வந்து பழகுகிறவர்கள் வருவார்கள். ஐபிஜேஜேஎஃப் அல்லாத உள்ளூர்ப் போட்டிகளில் சிலர் போட்டி நாளன்று உள்ள வயதையே எடுத்துக்கொள்வார்கள், அங்கே நீங்கள் 29-தான். என் யோசனை: மாஸ்டர் 1, மிடில்.

கி பற்றி. எடை பார்க்கும் இடத்தில் அதையும் அளப்பார்கள். வெள்ளை, நீலம், கறுப்பு மட்டும். கையை நீட்டினால் சட்டைக் கையின் விளிம்பு மணிக்கட்டிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் ஏறக்கூடாது. பேன்ட்டும் கணுக்கால் எலும்பிலிருந்து அதே 5 செ.மீ. பெல்ட்டைக் கட்டிய பின் தொங்கும் முனை 20 முதல் 30 செ.மீ. கிழிசல் இருக்கக்கூடாது. பலர் மாட்டிக்கொள்வது டிரையரால்: பருத்தித் துணி சூட்டில் சுருங்கி, போன மாதம் சரியாக இருந்த கை இந்த மாதம் ஏறிவிடும். குளிர்ந்த நீரில் துவைத்துக் கொடியில் காயப்போடுங்கள். இன்றே அணிந்து, அளந்து, அதோடு வீட்டுத் தராசிலும் ஏறிப் பாருங்கள். 'போட்டிக்கு ஏற்றது' என்ற கடைச் சீட்டை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள், அளவுகோலைத்தான் பார்ப்பார்கள். உடம்பில் படர்தாமரை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இப்போதே மருந்து போட ஆரம்பியுங்கள்.

ஐந்து வாரத்தில் புதிதாக எதுவும் கற்க வேண்டாம். ஏற்கெனவே கைவந்ததில் ஒரு டேக் டவுன் (எதிராளியைக் கீழே வீழ்த்துவது) அல்லது கார்டுக்கு (கீழே இருந்து கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தும் நிலை) இழுக்கும் வழி, ஒரு ஸ்வீப் (கீழிருந்து புரட்டி மேலே வருவது), ஒரு கார்டு பாஸ் (அந்தக் கால்களைத் தாண்டுவது), ஒரு சப்மிஷன் (பணியவைக்கும் பிடி) என்று நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் முழங்காலில் ஆரம்பித்தே பழகியிருப்பீர்கள், அங்கே நின்றுதான் ஆரம்பம். வாரம் இரண்டு நாள், நின்ற நிலையிலிருந்து ஐந்து நிமிட ரவுண்டு ஐந்தாறு போடுங்கள். டேக் டவுனுக்கும் ஸ்வீப்புக்கும் 2 புள்ளி, பாஸுக்கு 3, மவுண்டுக்கும் (எதிராளியின் மேல் ஏறி உட்காருவது) முதுகைப் பிடிப்பதற்கும் 4. அந்த நிலையை மூன்று விநாடி நிறுத்தினால்தான் புள்ளி ஏறும். புதியவர்கள் பாஸ் செய்த அவசரத்தில் உடனே மவுண்டுக்குத் தாவி, மூன்றையும் இழந்து அடியிலும் போய்விடுகிறார்கள். ஸ்பாரிங்கில் (பயிற்சி ஆட்டத்தில்) வாய்விட்டு மூன்று எண்ணிப் பழகுங்கள்.

ஒயிட் பெல்ட்டுக்குப் பாய்ந்து குளோஸ்டு கார்டு (எதிராளியின் இடுப்பைக் கால்களால் பூட்டுவது) போடுவது தடை. எதிராளியைப் பிடிக்காமல் சும்மா கீழே உட்கார்ந்தாலும் தண்டனை. ரிஸ்ட் லாக் (மணிக்கட்டுப் பூட்டு), நீபார் (முழங்கால் பூட்டு), ஹீல் ஹூக் (குதிகாலைத் திருகும் பூட்டு) எதுவும் கூடாது. கால் பக்கம் போகவே போகாதீர்கள்.

கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். கடைசிக் கடுமையான ஸ்பாரிங் போட்டிக்கு ஐந்து நாள் முன்பு. போட்டியன்று சாப்பாடு மூன்று மணி நேரம் முன்னதாக முடியட்டும். படம் உள்ள அடையாள அட்டை, செருப்பு, வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் பையில் இருக்கட்டும். கூப்பிடுவதற்கு இருபது நிமிடம் முன்பு வியர்க்கும்வரை உடம்பைச் சூடாக்கி, கூட வந்தவரோடு இரண்டு நிமிடம் நன்றாகக் காலர் பிடித்து இழுத்துப் பார்த்துவிடுங்கள். முன்கை ஒருமுறை இறுகித் தளர்ந்துவிட்டால் முதல் ஆட்டத்தில் அவ்வளவு சீக்கிரம் பூட்டிக்கொள்ளாது. ஒருமுறை தோற்றாலே வெளியே என்பதால், முதல் ஆட்டத்தையே வார்ம் அப்பாக வைத்துக்கொள்ள முடியாது. கை, கால் நகங்களை முந்தைய இரவே வெட்டிவிடுங்கள், அதையும் பார்ப்பார்கள்.