ஆக்சிஜன் மிஷினுக்காக 15 லட்சத்தை உடைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. சிஓபிடி நுரையீரல் நோய். இந்த வருடம் மூன்று அட்மிஷன் ஆகிவிட்டது. வீட்டில் ஆக்சிஜன் வைத்து பாலியேட்டிவ் கேர் (நோயின் வேதனையைக் குறைக்கும் ஆதரவு சிகிச்சை) பார்க்கச் சொல்கிறார் டாக்டர். மூன்று வருடம் முன்பு அப்பா பெயரில் போட்ட சீனியர் சிட்டிசன் சேமிப்பு 15 லட்சத்தை எடுக்கவா, பர்சனல் லோன் போடவா? சொந்தக்காரர்கள் வேறு, "கைவிட்டுட்டியா"ன்னு கேட்கிறார்கள். – குரோம்பேட்டை வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தத் திட்டத்தில் பாதி எடுக்க முடியாது, முழுசாக மூட வேண்டும், அதற்கு 1 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் போய்விடும். அதைவிட, 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 30,750 ரூபாய் நின்றுவிடும். உங்களுக்கு இப்போது வேண்டியதே அப்படித் தொடர்ந்து வரும் பணம்தான்.

ஆக்சிஜன் மிஷினை முதலில் வாடகைக்கு எடுங்கள். டாக்டர் நாளுக்கு 15 மணி நேரம் போடச் சொன்னால், நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மிஷின் இரண்டு மாதத்தில் சுமார் 300 யூனிட் இழுக்கும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீடு என்றால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், அப்புறம் கரண்ட் பில் கணக்கே வேறு. கரண்ட் போனால் கை கொடுக்க ஒரு சிலிண்டரும் வேண்டும். வீட்டில் வைக்கும் சிலிண்டருக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாகத் தராது, அதை நம்பாதீர்கள்.

நர்ஸ் வைப்பதற்கு முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021இல் வந்த இந்த அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. நுரையீரல் நோய்க்கென்றே இருக்கும் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையும் உங்களுக்கு ரொம்பப் பக்கம். மூச்சுத்திணறலுக்கு முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் வைப்பதுகூட உதவும். கிண்டல் இல்லை, பாலியேட்டிவ் டாக்டர்களே சொல்வது.

சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்: இன்ஹேலர், மருந்து எதையும் பாலியேட்டிவ் கேருக்காக நிறுத்துவதில்லை, கூடவே மூச்சுத்திணறலையும் பயத்தையும் குறைக்கிறார்கள், அவ்வளவுதான்.

வரியில், அப்பாவுக்கு இன்ஷூரன்ஸே இல்லையென்றால் அவருடைய மருத்துவச் செலவுக்கு, 80டி எனப்பட்டு வந்த வருமான வரிப் பிரிவில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு, பழைய வரி முறையில் மட்டும். செலவை ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும் கழிவு தரும், 80டிடிபி எனப்பட்டு வந்த பிரிவின் பட்டியலில் சிஓபிடி இல்லை, ஆடிட்டர் சேர்த்துக்கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே? சேமிப்பைத் துடைத்து எடுப்பது வீட்டுச் செலவு அல்ல, ஐசியு பில். அடுத்த முறை வென்டிலேட்டர் வரை போக அவருக்கு விருப்பமா என்று, நன்றாகப் பேச முடிகிற நாளில் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் இரண்டு சாட்சி வைத்து நோட்டரி முன் எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் இதை ஏற்றது, 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது. வேண்டும் என்று சொன்னால் 15 லட்சம் அதற்காகவே அப்படியே இருக்கட்டும். அதை மூட அவர் கையெழுத்து வேண்டும் என்பதால், எந்தச் சூழ்நிலையில் மூடுவது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள், நாமினி யார் என்றும் பார்த்துவிடுங்கள்.