கொம்புக் கரண்டி வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கே: வான்கூவர் கடையில் ஒரு கறுப்புக் கரண்டி பார்த்தேன். காம்பில் காக்கையும் கரடியும். 'ஹைடா பாணி' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. வாங்கலாமா?

ப: வேண்டாம். இந்தப் 'பாணி' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கனடாவின் மேற்குக் கரைப் பூர்வகுடியினரான ஹைடா மக்கள் செய்தது என்று சொல்லாமலே அப்படி நம்பவைக்கும் சொல் அது. அமெரிக்காவில் பூர்வகுடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்றால் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கனடாவில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும். செதுக்கியவர் பெயர் என்ன, எந்த ஊர், எந்த விலங்கின் கொம்பு? மூன்றுக்கும் பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த வேலை அப்படிப்பட்டது. ஹைடா மக்கள் வாழும் ஹைடா குவாய் தீவுகளில் மலையாடு கிடையாது. கொம்பு எதிர்க்கரையிலிருந்து பண்டமாற்றில் வந்தது. கொதிநீரிலோ ஆவியிலோ இளக்கி, குழிப்பகுதியை விரித்து, மர அச்சில் இறுக்கி ஆறவிடுவார்கள். இரண்டு துண்டுக் கரண்டியென்றால் பெரும்பாலும் குழி வெளிர்மஞ்சள் காட்டுச்செம்மறிக் கொம்பு, காம்பு கறுப்பு மலையாட்டுக் கொம்பு. இணைப்பில் செப்பு ரிவெட்டோ கொம்பு ஆணியோ இருக்கும். காம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் உருவங்கள் குலச்சின்னங்கள். பிளாஸ்டிக் போல அச்சில் வார்த்த ரிசினுக்கு ஹைடா பெயரை ஒட்டுவது திருட்டு.

கே: டிஷ்வாஷரில் போட்டேன், குழி வளைந்துவிட்டது. கடை பணம் திருப்பித் தருமா?

ப: தராது. கொம்பு சூட்டில் இளகும். வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

கே: சுட்ட ஊசியால் குத்திப் பார்த்தால் அசல் தெரியுமாமே?

ப: பொருளுக்குத் தழும்புதான் மிஞ்சும். கொம்பு நம் நகத்தைப் போலக் கெரட்டின். சுட்டால் முடி கருகும் வாடை வரும். எருமைக் கொம்பிலும் அதே வாடைதான். பதிலாக, செம்மறிக் கொம்புக் குழியை விளக்குக்கு எதிரே பிடியுங்கள்: தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும், இழையோட்டம் தெரியும். ரிசினில் குண்டூசி முனையளவு காற்றுக்குமிழ்களும், ஓரத்தில் அச்சுக்கோடும் இருக்கலாம். அந்தக் கோட்டைப் பார்க்காமல் நானும் ஒருமுறை ரிசினுக்குக் கொம்பு விலை கொடுத்திருக்கிறேன். பிறகு உருவங்களின் இடுக்கைப் பாருங்கள். கத்தி போன இடம் கூர்மையாக இருக்கும், வார்ப்பில் மழுங்கியிருக்கும்.

கே: '19-ஆம் நூற்றாண்டு' என்று ஏலத்தில் எடுத்தேன். வந்து பார்த்தால் இணைப்பில் புதுப் பித்தளைத் திருகு. விற்றவர் பதிலே தரவில்லை.

ப: தவறு உங்கள் பக்கம் இல்லை. முதலில் விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், அழித்துவிடுவார்கள். திருகை இரு பக்கமும் அருகில் படமெடுங்கள், துடைக்காதீர்கள். திருப்பி எடுக்கும்படி மின்னஞ்சலில் கேட்டு, அதோடு கடன் அட்டை நிறுவனத்தில் தாமதிக்காமல் முறையிடுங்கள். அதற்குக் கெடு உண்டு. பழைய பொருளையே பழுது பார்த்திருக்கவும் கூடும். ஆனால் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

இனிப் பழையது வாங்கினால் முன்பு யார் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். இந்தக் கரண்டிகள் புழங்கிய பொட்லாட்ச் என்ற பூர்வகுடிச் சடங்கு விருந்தைக் கனடா 1885 முதல் 1951 வரை தடைசெய்திருந்தது. அக்காலத்தில் கைமாறியவை எல்லாம் மனமொப்பி விற்றவை அல்ல.

கே: ஜன்னலோரம் அலங்காரமாக வைக்கலாமா?

ப: கூடாது. வெயிலில் காய்ந்தால் அடுக்கடுக்காகப் பிளக்கும்.